ஈயச் சிப்பாய்களுக்குத் துப்பாக்கி செய்தவன்

உடைந்த குடையை யாரும் தூக்கிப் போடக் கூடாது, சார். அதன் கம்பியில் அரை அங்குலம் நறுக்கினால் ஓர் இயந்திரத் துப்பாக்கிக்குக் குழாய் கிடைத்துவிடும். நான் சொல்வது சுண்டுவிரல் உயரச் சிப்பாயின் துப்பாக்கி.

என் பெயர் சுவக்கீன். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டோர் கீப்பர். மனைவி இருதயம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு, மழைக்காலத்தில் மூன்று நாள், நாலு நாள் என் குரலையே நான் கேட்டதில்லை. சாமான் எடுத்துக் கொடுக்கப் பேச்சு எதற்கு?

எழுபத்துமூன்றில் குருசாமி வாச்மேனாக வந்தார். போடிக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். வங்காளச் சண்டையில் இடது முழங்கால் கெட்டுப்போயிருந்தது. பழைய துரை விட்டுப்போன பெட்டி ஒன்று ஸ்டோரில் கிடந்தது. ஒருநாள் அவருக்குத் திறந்து காட்டினேன். உள்ளே அறுபது ஈயச் சிப்பாய்கள், வாளும் ஈட்டியுமாக. ஒன்றை எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

“வாளை வச்சுக்கிட்டு இன்னைக்கி எவன்யா சண்டை போடுவான்? இவங்களுக்குத் துப்பாக்கி குடுய்யா, சுவக்கீன்.”

கொடுத்தேன். வாளை அரத்தால் ராவி எடுப்பேன். தலை வெட்டின குண்டூசி குழல். சீவின தீக்குச்சி பின்கட்டை. பற்பசைக் குழாயின் தகட்டை மடித்தால் தோட்டாப் பெட்டி. தோள் வாருக்குத் தையல் நூல். எல்லாவற்றையும் பசை வைத்து ஒட்டி, விளக்குக் கரியை வார்னிஷில் குழைத்துப் பூசினால் இரும்பு மாதிரியே இருக்கும். பின்கட்டை ஒரு மயிரிழை கோணினாலும் குருசாமி திருப்பித் தந்துவிடுவார். மறுபடி செய்வேன். எனக்கு அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேஜையில் சாக்கை மலைபோல் மடித்து விரிப்போம். தாயக்கட்டையை உருட்டிச் சண்டை. எப்போதும் அவர்தான் ஜெயிப்பார். அந்த ஒரு நாளுக்காக மற்ற ஆறு நாளையும் ஓட்டிவிடுவேன்.

இந்த வருஷம் ஆனியில் அவர் மகள் மூக்கம்மாள் கடிதம் போட்டாள். போடிக்கே வந்துவிடச் சொல்லி.

“புதன்கிழமை பஸ்சுக்குக் கெளம்புறேன்யா. பேரப்பிள்ளைகளப் பாத்துக்கிட்டுக் கெடக்கலாம். நீயும் ஒரு நடை வா.”

ஒரு நடை வா என்றார். நான் கோபப்படவில்லை. புதன்கிழமை காலையில் காப்பி போட்டுக் கொடுத்தேன். ஸ்டோரில் எலிக்கு வைக்கிற மருந்து உண்டு. அதில் ஒரு சிட்டிகை. பஸ் போகும்வரை அவர் எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதன் பிறகு அவரை நான் கவனித்துக்கொண்ட விதத்தை லயத்து வீடுகளில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கஞ்சி ஊட்டினேன். துணி துவைத்தேன். கட்டிலோரம் பலகை போட்டுச் சிப்பாய்களை நிறுத்தினேன். அவர் கை நடுங்கியதால் அவருக்கும் சேர்த்து நானே தாயம் உருட்டினேன். இப்போது ஞாயிறு மட்டுமல்ல, தினமும் விளையாடினோம். கொஞ்சம் தேறினால் போடிப் பேச்சை எடுப்பார். மறுபடி ஒரு சிட்டிகை. நாலு மாதத்தில் ஏழு தடவை. கூடக் குறையச் சொல்லவில்லை.

ஐப்பசியில் மூக்கம்மாளே ஜீப் பிடித்து வந்துவிட்டாள். மெலிந்து கிடந்த தகப்பனைப் பார்த்து அழுதாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னார்:

“இந்த மனுசன் இல்லேன்னா நா எப்பவோ செத்திருப்பேன் தாயி.”

அவள் என் காலில் விழுந்தாள். நான் அடுப்படிக்குப் போய்க் காப்பி கலந்தேன். ஜீப் பஸ் மாதிரி இல்லை, எவ்வளவு நேரமானாலும் காத்து நிற்கும். அதனால் அன்றைக்கு ஒரு கரண்டி போட்டேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ளியது. தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். மகள் கூப்பிட்டும் என் பக்கமே பார்த்தபடி போனார்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், சார். கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒரே ஒரு வருத்தம். உடம்பை அறுத்துப் பார்த்த பிறகு, அதே ஜீப்பில் போடிக்கு ஏற்றிவிட்டீர்கள். அதையும் எழுதுங்கள். அவரை இந்த மலையை விட்டு அனுப்பியது நான் இல்லை.