நான்கு குதிகால்கள் பாக்கி

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வந்திருக்கும் செவிலியர்களே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் தலைமைச் செவிலியரின் கணவர் அவர்களே, வணக்கம்.

நான் ஆய்வகத்தில் ரத்தம் சோதிப்பவன். பேச்சாளன் அல்ல. அந்தத் தலைமைச் செவிலியரிடம் பதினாறு ஆண்டுகள் திட்டு வாங்கியவன் என்ற தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

குதிகால் அக்கா! பிரசவ வார்டே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு குத்து, தாளில் ஒரு சொட்டு ரத்தம். தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று அது சொல்லிவிடும். தாயின் சாப்பாட்டில் அயோடின் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி தடுமாறும். வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதுதானே அக்காவை இருப்புக்கொள்ளாமல் செய்தது!

ஏழு ஆண்டுகளுக்கு முன், பதினெட்டு நாள் பெண் குழந்தையோடு ஒரு தாய் வந்தார். "எங்க தங்கம் அழவே அழாதுக்கா. எழுப்பித்தான் பால் குடுக்கணும்" என்று பெருமைப்பட்டார். அக்கா சிரிக்கவில்லை. குழந்தையின் கண்ணைப் பார்த்தார். மஞ்சள் இன்னும் இறங்கவில்லை. பிறந்த அன்று விடுமுறை, சோதனை விட்டுப்போயிருந்தது. அங்கேயே குத்தினார். ஈரம் காய்ந்ததும் தாளோடு என்னிடம் ஓடி வந்தார்.

"இன்னும் நாலு தாள் சேரட்டும்க்கா. வியாழக்கிழமை மொத்தமாப் பாத்துடலாம்" என்றேன்.

"உனக்கு வியாழக்கிழமை வரைக்கும் பொறுமை இருக்கு தம்பி. அந்தப் புள்ளையோட மூளைக்கு இருக்கா?"

அன்றே பார்த்தேன். டி.எஸ்.எச். அளவு எங்கேயோ போய் நின்றது; தைராய்டு சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மறுநாளே மாத்திரையைப் பொடித்து, தாய்ப்பாலில் கரைத்து, கரண்டியில் கொடுத்தார்கள். இன்று அவள் இரண்டாம் வகுப்பு. வாயை மூடுவதே இல்லை என்று ஆசிரியை புகார்! அதோ, அம்மா மூன்றாம் வரிசையில் இருக்கிறார்.

அதோடு விட்டாரா அக்கா? பழைய பதிவுகளைப் புரட்டினார். அதே தெருவில் இன்னும் ஐந்து குழந்தைகளுக்கு அதே அளவு லேசாக ஏறியிருந்தது. உப்பு சோதிக்கும் மருந்துப் புட்டியோடு கிளம்பினார். அயோடின் இருந்தால் உப்பு நீலமாகும். வீடு வீடாகச் சொட்டு விட்டார். ஒன்றாவது நீலமானதா? அத்தனையும் வெள்ளை! அத்தனையும் முனைக்கடை மூட்டை உப்பு!

கடைக்காரர் சிரித்தார். "உப்புல என்னம்மா இருக்கப் போகுது? உப்புதான் இருக்கும்!"

"சரிங்கண்ணே. மாசமா இருக்கிற உங்க மருமக எந்த உப்பைச் சாப்பிடுது?"

அந்த வாரமே மூட்டை போய், அயோடின் சேர்த்த பாக்கெட் உப்பு வந்தது.

போன செவ்வாய்க்கிழமை, வேலைக்கு வரும் வழியில், பேருந்து நிறுத்தத்தில் அக்காவுக்கு மாரடைப்பு. "அஞ்சு நிமிஷம் சேந்தாப்பல உக்கார மாட்டாளே சார்" என்று அவருடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். அவர் போய் ஆறு நாள். இந்த ஆறு நாளில் வார்டில் பதினோரு பிரசவம். என்னிடம் வந்தவை ஏழு தாள்கள். மற்ற நான்கு எங்கே? கேட்டால், "துக்கத்துல விட்டுப்போச்சு" என்கிறார்கள். துக்கம் நமக்கு! அந்தக் குழந்தைகள் என்ன செய்தார்கள்?

அவர் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் முழங்கிவிட்டு இறங்கிப்போக என்னால் முடியாது. நான்கு முகவரியும் என் சட்டைப்பையில் இருக்கின்றன. வாசலில் வண்டி நிற்கிறது. குத்தத் தெரிந்த செவிலியர் ஒருவர் வந்தால் போதும். ஆமாம்மா, கையைத் தூக்கியவர், நீங்கள்தான், வாருங்கள்.

தலைவர் அவர்களே, மன்னியுங்கள். நன்றியுரைக்கு நாங்கள் இருக்க மாட்டோம்.