மணல்மேட்டை வெட்டியாச்சு

— தம்பி, சத்தமாப் பேசுடா! மழையில ஒண்ணும் காதுல விழல. எங்க இருக்க?

— ஆறு கடல்ல சேர்ற இடத்துலதான்க்கா, பொக்லைன்ல உக்காந்திருக்கேன். ஏன் இப்படி மூச்சு வாங்குற?

— மாமா கட்டிலுக்கு அடியில செங்கல் வச்சேன். தண்ணி வாசப்படி தாண்டி கூடத்துக்கு வந்துடுச்சு. கால் வராமக் கிடக்குற மனுஷன், செருப்பு மிதந்து போகுதுன்னு என்னைத் திட்டுறாரு.

— உன் மாமனார் திட்டுறாருன்னா தெம்பா இருக்காருன்னு அர்த்தம். மச்சான்?

— லாரியோட பாலத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாரு. நேத்து காத்தே இல்லாம புழுங்கித் தள்ளுச்சுல்ல, புயல் வரும்னு அப்பவே நெனச்சேன்.

— பயப்படாதக்கா.

— சொல்ல வந்துட்டான்! ஊரே தாம்பாளம் மாதிரி கிடக்கு. ஏறி நிக்க ஒரு மேடு உண்டா? இவ்வளவு தண்ணியும் எங்கடா போகும்?

— கடலுக்குத்தான். ஆத்து வாயை அடைச்சுக்கிட்டு மணல்மேடு கிடந்துச்சுல்ல, அதான் தண்ணி ஊருக்குள்ள ஏறுச்சு. இப்ப வெட்டி வழி விட்டுட்டேன்.

— கடல் ஏறிக் கிடக்கு, இறங்குற வரைக்கும் மேட்டைத் தொடக் கூடாதுன்னு இன்ஜினியர் சொன்னாருன்னியே?

— சொன்னாரு. அவரு வீட்டுக்குள்ளயா தண்ணி வந்துச்சு? நீ போன்ல அழுதே, எனக்கு மனசு கேக்கல.

— போடா கிறுக்கா, அவர்கிட்ட வாங்கிக் கட்டிக்கப் போற.

— கட்டிக்கிறேன். நீ வெளிய மட்டும் இறங்காதே, மாமாவோட உள்ளயே இரு. கொஞ்ச நேரத்துல மளமளன்னு வடிஞ்சிடும் பாரு.

— தம்பி…

— சொல்லுக்கா.

— வடியற மாதிரி தெரியலடா. இப்பதான் முட்டிக்கு இருந்துச்சு, இடுப்புக்கு வந்துடுச்சு. கட்டில் ஆடுது.

— இருக்காதுக்கா. பயத்துல அப்படித் தோணும்.

— எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? கதவை முட்டித் தள்ளிக்கிட்டு வருது. அதுவும் கடக்கரைப் பக்கமா இருந்து வருது.

— மழைத் தண்ணிதான், சுத்திக்கிட்டு வரும். எதுக்கும் மாமாவை எழுப்பி உக்கார வை. அக்கா? என்ன சத்தம் அது? அக்கா! ஏய், பேசு!

— இருக்கேன்… வழுக்கி விழுந்துட்டேன். போனை மட்டும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். வாயெல்லாம் தண்ணி.

— அடி கிடி பட்டுச்சா? மாமா எங்க?

— என் கழுத்தைக் கட்டிக்கிட்டிருக்காரு. திட்டக் கூட மாட்டேங்குறாரு. தம்பி…

— என்னக்கா? சீக்கிரம் சொல்லு!

— தண்ணி உப்புக் கரிக்குதுடா.