பெத்தாங் திடல்

விஷ்ணுகிராந்தியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் தெரிந்திருக்காது. தரையோடு படரும். நகத்தளவு நீலப் பூ, காலையில் விரிந்து மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும். நான் தாவரவியல் படித்தவள். இங்கிருந்து தொடங்குவது எனக்குச் சுலபம்.

இரண்டாயிரத்து ஆறில் நகரத் திட்டத்தைத் திருத்தும் வேலை நடந்தது. எந்தக் காலி இடங்களைக் கட்டடம் வராமல் காப்பது என்று முடிவு செய்ய, ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துச் சொல்லும் வேலைக்கு என்னை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். பசுமை இருந்தால் இடம் தப்பும், அல்லது அங்கே யாராவது விளையாடினால் தப்பும். எது பசுமை என்று மேலதிகாரி கமலக்கண்ணனிடம் கேட்டிருக்கலாம். அவர் அறையில் எப்போதும் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குக் கூச்சம்.

வைத்திக்குப்பம் போகும் வழியில் ஒரு திடல். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் அங்கே பெத்தாங் ஆடுவார்கள். ஒரு சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்படி இரும்புக் குண்டுகளை வீச வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். மற்றவர்கள் இறந்துபோனார்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளோடு பிரான்சுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர் ராமலிங்கம். தெருவில் அவரைப் பிரெஞ்சு மரியாதையாக முசியே என்பார்கள். அதே வழக்கத்தில் என்னை அவர் மத்மொசேல் என்பார்.

தினமும் பிற்பகல் வருவார். இறந்துபோன கூட்டாளி அம்மாவாசையின் குண்டுகளையும் கொண்டுவந்து, அவருக்காக இவரே இடக்கையால் வீசுவார்.

"பாத்தியா மத்மொசேல், செத்தும் ஜெயிக்கிறான் படுபாவி."

"அவருக்கும் நீங்கதானே போடறீங்க?"

"அதுக்காக? அவன் ஆட்டத்த நான் கெடுக்க முடியுமா?"

நான் செடிகளுக்கு முன்னால் குந்தியிருந்தால், "இன்னா பாப்பா, புல்லுக்குப் பேன் பாக்கறியா?" என்பார். நல்ல மனிதர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெத்தாங்குக்குத் தரை வெறுமையாக இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் தண்ணீர் தெளித்து, பெருக்கி, முளைத்ததையெல்லாம் செருப்புக்காலால் தேய்த்து எடுப்பார். அடுக்குமாடி கட்ட ஒருவர் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதாக அலுவலகத்தில் பேச்சு. ஒற்றை ஆள் ஆடுவதை விளையாட்டென்று கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மழைக்காலம் யாரும் மிதிக்காவிட்டால் விஷ்ணுகிராந்தி திடல் முழுக்கப் படரும், பிறகு யாரும் கை வைக்க முடியாது என்று நினைத்தேன். திடல் தப்ப வேண்டும். எனக்கு வேறு எண்ணம் இல்லை.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "இந்த மழைக்கு மட்டும் பெருக்காம விடுங்களேன்."

"அப்ப அம்மாவாச எங்க போயி ஆடுவான்?" என்று சிரித்தார்.

ஐப்பசியில் ஒரு பிற்பகல், குண்டை எடுக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவர் பை எதிர்ப்பக்க மதிலில் தொங்கியது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அதில் இருக்கும். முன்பு ஒரு தரம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"பாப்பா, மாத்திர."

போனேன். வழியில், அவர் பெருக்காத பக்கத்தில், புதிதாகத் துளிர்த்த கொடிகள் இருந்தன. மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனேன்.

"சீக்கிரம்மா."

பையை எடுத்துக்கொண்டு அதே ஓரமாகத் திரும்பினேன். மூன்றாவது முறை அவர் கேட்டபோது சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

மாரடைப்பு என்றார் மருத்துவர். அது சரிதான். அவர் மகள் செல்வாம்பாள் குண்டுகளைப் பொறுக்க வந்தபோது, "கடைசி நேரத்துல நீயாவது கூட இருந்தியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருடம் நல்ல மழை. மார்கழியில் திடல் நீலமாகிவிட்டது. முதல் தடவையாக, யாரும் கூப்பிடாமல் கமலக்கண்ணன் அறைக்குள் போய்ச் சொன்னேன்.

"களை மொளச்சா பசுமைப் பகுதி ஆயிடுமாம்மா? தோப்பு, பூங்கா, ஏரி, இதுங்கதான் அதுல வரும். நீ இன்னா படிச்சே?" அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பெரியவர் ஆடிக்கினு இருந்தார்ல, ஒத்த ஆளு. அவர காட்டித்தான் வெளையாட்டுத் திடல்னு இவ்ளோ நாளு நிறுத்தி வெச்சிருந்தேன். இப்ப யார காட்டுவேன், சொல்லு."

பங்குனியில் அஸ்திவாரம் தோண்டினார்கள்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். சுற்றிப் போனதில் தாமதமாகிவிட்டது என்று நீங்கள் எழுதினால் அது முழு உண்மையாகாது. நான் திரும்பி வந்தபோது அவருக்கு மூச்சு இருந்தது. மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. அவர் கை நீட்டினார். நான் விரல்களை மடக்கிக்கொண்டு, அவருக்கு வெயில் படாதபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு நிற்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

நான் இரக்கமில்லாதவள் இல்லை. இன்னும் ஒரே ஒரு முறை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.