சின்னக் கடைப் பட்டியல்

சாவியா? எங்கிட்ட இருக்குதுன்னு யாரு தம்பி சொன்னது? திரௌபதியம்மாவே சொல்லி அனுப்பிச்சா? அப்ப கீழ்பென்னாத்தூர்லேருந்தா வர்றீங்க. சரி சரி, சாவி எங்கியும் போயிடாது. அந்த பெஞ்சு ஆடும், இந்தாண்ட வந்து உக்காருங்க. மொதல்ல டீ குடிங்க. சர்க்கரை ஜாஸ்தியா, கம்மியா?

அந்தம்மா கடைய வாடகைக்கு எடுத்து நடத்தப் போறீங்களா. நல்லது, நடத்துங்க. ஆனா இந்த ஊரப் பத்தித் தெரிஞ்சுக்கினு எடுங்க. எனக்கு இப்பல்லாம் இந்த ஊரப் பாத்தாலே குமட்டிக்கினு வருது. பதினெட்டு வருசமா இதே ரோட்டுல டீ ஆத்துறேன். மலை சுத்த வர்ற ஜனங்க எங்களப் பாத்து, குடுத்து வெச்சவங்கப்பா, தெனமும் அண்ணாமலையார் மூஞ்சியில முழிக்கிறாங்கன்னு சொல்லிக்கினு போவாங்க. நாங்க எங்கங்க மலையப் பாக்கறோம். பக்கத்துக் கடையில எத்தினி பேரு நிக்கறான்னுதான் பாக்கறோம்.

இல்ல இல்ல, கோவமில்ல. இது அருவருப்பு. வேற.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, ரெண்டாயிரத்துல, கிராமசபையில ஒரு தீர்மானம் போட்டாங்க. சின்னக் கடைங்களுக்குத் தொழில் வரி கெடையாது, லைசென்சுக்கும் பணம் கட்ட வேணாம்னு. நல்ல விசயம்தான், நானும் கைதூக்கினேன். இங்க யாவாரம்னா மாசத்துல ஒரே நாள், பௌர்ணமி. மத்த நாள்ல யாரு இருக்கா? இப்பவே பாருங்களேன், ரோட்டுல அந்த மாடு, இங்க நீங்க, நான். இதுல வரியையும் கட்டிட்டு இன்னாத்த சாப்புடறது. எது சின்னக் கடை, எது பெரிய கடைன்னு மேலேருந்து ஒரு ஆபீசர் வந்து பாத்து எழுதுவாரு, பட்டியல்ல பேரு வந்தா வரி இல்லன்னு சொன்னாங்க.

அவ்ளோதான். மறுநாள் காலையிலேருந்து ஊரே பிச்சைக்காரன் வேசம் கட்டிக்கிச்சு.

அதோ தெரியுது பாருங்க மளிகைக் கடை, மூர்த்தியோடது. ஒரு லாரி சரக்கு எறங்குற கடை அது. உள்ள ரெண்டு எடத்துல பிளைவுட் அடிச்சான். மூணு கடை ஆயிடுச்சு. ஒண்ணு அவன் பேருல, ஒண்ணு பொண்டாட்டி பேருல, இன்னொண்ணு மாமியார் பேருல. அந்தக் கெழவி படுத்த படுக்கையா மூணு வருசமாக் கெடக்குது, அது கடை வெச்சிருக்குதாம். இந்தாண்ட சக்கரவர்த்தி ஓட்டலு. பிரிட்ஜையும் கிரைண்டரையும் டிராக்டர்ல ஏத்தி, மேல பொடவையப் போத்தி, மச்சான் வீட்டுக்கு அனுப்பிட்டான். சாவு வீட்டுக்குப் போற மாதிரி மெதுவாப் போச்சு டிராக்டரு. வேங்கிக்கால்ல ரெண்டு மனை வாங்கிப் போட்டிருக்கறவன் அவன், தம்பி.

இதையெல்லாம் வுடுங்க. காசின்னு ஒருத்தன், அவங்கிட்ட ஒரு நீலத் தார்ப்பா இருந்துச்சு. நடுவுல பூசணிக்கா அளவுக்கு ஓட்டை. ஆபீசர் வர்ற அன்னிக்கு அந்தத் தார்ப்பா கடைக்குக் கடை ஓடுது. அவரு ஒரு கடையப் பாத்து எழுதிக்கினு இருப்பாரு, அதுக்குள்ள பின்னாடியா அத்த உருவி அடுத்த கடை கூரையில போட்டுடுவானுங்க. சிமெண்டுக் கூரை மேல கிழிஞ்ச தார்ப்பா. நாலாவது கடையில ஆபீசர் அண்ணாந்து அந்த ஓட்டையப் பாத்துச் சிரிச்சாரு. சிரிச்சிட்டு எழுதிக்கிட்டாரு. அவருக்குத் தெரியாதா இன்னா.

நானா? நான் மட்டும் இன்னா யோக்கியன். ரெண்டு பாய்லர்ல ஒண்ணத் தூக்கி வைக்கப்போருக்குள்ள சொருவினேன். அந்தத் தார்ப்பா இந்தக் கூரை மேலயும் ஒரு மணி நேரம் கெடந்துச்சு. த்தூ.

திரௌபதியம்மா ஒண்ணுதான் வேசம் போடல. புருசன் செத்து அஞ்சு வருசம், பொண்ணு இனியா அப்ப ஒம்போதாவது. இட்லியும் சுக்கு காப்பியும்தான் யாவாரம். ஆபீசர் வர்றாருன்னு அந்தம்மா இன்னா பண்ணிச்சு தெரியுமா? சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுது. வாசல்ல சாணி தெளிச்சு இவ்ளோ பெரிய கோலம். அவரு உக்கார எங்க வீட்டுலேருந்து பிளாஸ்டிக் சேரு வாங்கிக்கினு போச்சு. காசி தார்ப்பாவத் தூக்கிக்கினு போனான், வேணாம்னு அனுப்பிடுச்சு. நம்மளத் தேடி ஒரு மனுசன் வர்றாரு, அவரு முன்னாடி கிழிசலப் போட்டுக்கினு நிக்கறதா, கடை சின்னதுன்னு பாத்தாலே தெரியாதான்னு கேட்டுச்சு.

தெரிஞ்சுது தம்பி, அன்னிக்குத் தெரிஞ்சுது. செவ்வாக்கெழமை. ரெண்டு பேரு உக்காந்து சாப்புட்டுக்கினு இருந்தாங்க. ஆபீசரு சின்னக் கடைன்னுதான் எழுதிக்கினு போனாரு. நான் கண்ணால பாத்தேன்.

அப்புறம் பௌர்ணமி வந்துச்சு. சாயங்காலம் அஞ்சு மணி, ஜனம் ரோடு கொள்ளல. யாரும் எதிர்பாக்காம அதே ஆபீசரு வந்து நிக்கறாரு. வேற எந்தக் கடைக்கும் போவல, நேரா அந்தம்மா கடைக்கு. வரிசையில நாப்பது அம்பது பேரு. கையில கடியாரத்தப் பாத்துக்கினே எண்ணறாரு. அந்தம்மாவுக்கு ஒண்ணும் புரியல, சார் வந்துட்டாருன்னு ஒரே சந்தோசம். வரிசைய நிறுத்திட்டு அவருக்கு எலை போட்டு நாலு இட்லி வெச்சுது. சாப்புட்டாரு. ஒரு நாளைக்கு இவ்ளோன்னா மாசத்துக்கு எவ்ளோன்னு முப்பதால பெருக்கி எழுதினாரு. பெரிய ஓட்டலாம். பௌர்ணமி முப்பது நாளும் வருமா தம்பி? வருதா உங்க ஊர்ல?

மூர்த்தியோட மூணு கடையும் சின்னக் கடை. சக்கரவர்த்தி சின்னக் கடை. இந்த ஊர்லயே பெரிய ஓட்டலு திரௌபதியோடது. வரி கட்டச் சொல்லி நோட்டீசக் கொண்டாந்து அந்தச் சுண்ணாம்புச் சுவத்துலயே ஒட்டினாங்க. போயி மனு குடுத்துச்சு, திரும்பத் திரும்பக் குடுத்துச்சு. மத்த நாள்ல எத்தினி பேரு வர்றாங்கன்னு யாராச்சும் கூட வந்து சொன்னா எடுத்துப்பாங்கன்னு சொன்னாங்களாம். ஒருத்தனும் போவல. போனா அவனவன் பிளைவுட்டு வெளிய வந்துடுமே. எங்கிட்டயும் வந்துச்சு, ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணான்னு. எனக்கு மூட்டுவலி, பஸ்சு ஏற முடியாதுன்னேன். எட்டு மாசம் தாக்குப் புடிச்சுது. அப்புறம் பூட்டிட்டு உங்க ஊருக்கு, கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம் தேய்க்கப் போயிடுச்சு.

இனியா இப்ப பத்தாவது முடிச்சிருக்குமே?

இல்லியா. அம்மாவோட அதுவும் தேய்க்குதா.

ம்.

நல்லாப் படிக்கும் தம்பி. இங்கதான் உக்காந்து கணக்குப் போடும், எங்கடை லைட்டுலதான்.

இந்தாங்க சாவி. பெரிசு முன் கதவு, சின்னது பின்னாடி. அது பஸ்சுக்குப் போறப்ப நடு ரோட்டுல நின்னு எங்கையில குடுத்துச்சு. இந்த ஊர்ல உங்க ஒருத்தரத்தாண்ணா நம்பறேன்னு சொல்லிச்சு. பூட்டு இறுகியிருக்காது, மாசா மாசம் எண்ணெய் வுடறேன்.

இன்னா கேட்டீங்க? ஆமா, எல்லாருக்கும்தான் அது தோணுச்சு. ஒரு தடவ பாத்து எழுதிட்டுப் போனவரு எதுக்குத் திரும்பி வந்தாரு, அதுவும் பௌர்ணமி பாத்து, அந்த ஒரு கடைக்கு மட்டும்னு. மொத நாளு எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டு இங்க வந்து டீ சாப்புட்டாரு. எல்லாக் கடையும் சின்னதுன்னா மேல நம்ப மாட்டாங்கப்பா, ஒண்ணையாவது பெரிய கடைன்னு தள்ளணும், எத்த தள்றதுன்னு சும்மா பேச்சுவாக்குல கேட்டாரு. பௌர்ணமின்னா இங்க என் கடையத் தாண்டிப் போயி அந்தம்மாகிட்டதான் காப்பிக்கு நிப்பானுங்க. அத்தப் பாத்துப் பாத்து எனக்குள்ள எரிஞ்சுக்கினே இருந்துச்சு. பௌர்ணமி அன்னிக்கு வந்து அந்தம்மா கடையப் பாருங்க சார்னு நான்தான் சொன்னேன்.

நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துலதான் உக்காந்திருந்தாரு.

காசு வேணாம், உள்ள வைங்க தம்பி. அன்னிக்கு அவருகிட்டயும் வாங்கல.