பாதையோரத்தில் எண்ணியவர்களின் பாராட்டு மடல்

பிழை கண்டால் பொறுக்காத, பிழை செய்தவரை வெறுக்காத, இன்று பணி ஓய்வு பெறும் பொன்னுமணி அம்மா அவர்களே! இருபத்தேழு ஆண்டுகள் எங்கள் கிறுக்கல்களை எல்லாம் படிக்கத்தக்க எழுத்தாக்கித் தந்தவரே! போடிநாயக்கனூர் ஏலச் சாகுபடி ஆலோசனை அலுவலகத்தில் தட்டச்சர் என்னும் சிறு நாற்காலியில் அமர்ந்து, பெரிய நாற்காலிக்காரர்களையும் மாலை வேளையில் மாணவர்களாக்கி பெஞ்சில் அமர்த்தியவரே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு வந்ததும் எனக்கு முதலில் எழுந்தது ஐயம்தான். தங்கள் மாலை வகுப்பு தொடங்கியது எழுபத்தொன்பதிலா, எண்பதிலா? முதல் நாள் மழை பெய்ததாக எனக்கு நினைவு. வெயில் கொளுத்தியது என்கிறார் என்னோடு களப்பணி செய்யும் ஒச்சப்பன். வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பெயர்கள்தான் உண்டு, தேதியில்லை. மழைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன்; வேண்டிய தாளைக் கரையான் தின்றிருக்கிறது. ஆகவே இதில் நான் கண்டதும், பிறர் சொல்லக் கேட்டதும், நானாக நினைத்துக்கொண்டதும் கலந்திருக்கக்கூடும். கலந்த இடம் தெரிந்தால் தாங்கள் வழக்கம்போல் பென்சிலால் அடிக்கோடிட்டுத் தாருங்கள். இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுபவர், விழா முடிந்து இன்னும் இரண்டு நாள் தவணை கொடுத்திருக்கிறார்.

வகுப்பு பிறந்த கதையில் மட்டும் யாருக்கும் ஐயமில்லை. மலையேறித் தோட்டங்களைப் பார்த்து மாதந்தோறும் அறிக்கை எழுதுவது எங்கள் வேலை. அதைத் தட்டச்சு செய்வது தங்கள் வேலை. ஒரு கோடையில் ஒச்சப்பன் கொடுத்த தாளைப் பொறியில் ஏற்றாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டீர்கள்.

"ஏண்ணே, போன மாசமும் 'மழை போதுமானது'ன்னு எழுதுனீங்க. அதுக்கு முந்தின மாசமும் அதையேதேன் எழுதுனீங்க. ஊருல குடிக்கத் தண்ணியில்ல. மழை எங்க பேஞ்சுச்சு?"

"மழை மாறும் தாயி, ரிப்போர்ட்டு மாறலாமா? மேல இருக்கவுக பயந்துருவாகல்ல?" என்றார் அவர், சிரிப்பில்லாமல்.

அலுவலகமே சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை. அன்று மாலையே அலுவலர் சோலைமலை அவர்களிடம் போய், ஆறு வாரத்துக்கு, செவ்வாயும் வியாழனும், ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை பின்னறையைக் கேட்டீர்கள். அறிக்கை எழுதவும், எழுதுவதற்குமுன் விசாரித்து அறியவும் ஒரு வகுப்பு. "எடுங்கம்மா, தாராளமா எடுங்க. ஒருத்தனும் வரமாட்டான்" என்று சாவியைக் கொடுத்தார் அவர்.

வந்தவர்கள் மூவர். அவர்களில் ஒச்சப்பன் வந்தது ராசிங்காபுரம் பஸ்சுக்காக; ஆறேகால் வரை எங்காவது உட்கார வேண்டும். ஆறேகாலுக்குப் பஸ்சு வந்து ஒலி எழுப்பியது. அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ்சுக்கும் எழுந்திருக்கவில்லை. அன்று தாங்கள் நடத்தியது ஒரே ஒரு பாடம்: கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்காதே. 'மழை நல்லாத்தானே பேஞ்சுச்சு?' என்று கேட்டால் எந்தக் குடியானவனும் மரியாதைக்கு 'ஆமா' என்பான். 'கடைசியா எப்பப் பேஞ்சுச்சு?' என்று கேள், அவன் யோசிப்பான்.

வீட்டுப்பாடமும் கொடுத்தீர்கள். வீட்டில் ஒருவரிடம் ஏதேனும் ஒன்றை விசாரித்துப் பத்து வரி எழுதி வரவேண்டும். ஒச்சப்பன் தம் மனைவியிடம் குழம்பு வைக்கும் முறையை விசாரித்துவிட்டு வியாழக்கிழமை வாடிய முகத்தோடு வந்தார்.

"நாலு வரிக்கு மேல போகல தாயி. 'இதக் கேக்குறதுக்கா ஒங்களுக்கு ஆபீசு வச்சிருக்காக'ன்னு கேட்டுட்டா. அதையும் எழுதணுமா?"

"எழுதுங்கண்ணே. ஆனா நீங்க கண்டதுன்னு எழுதாதீங்க, அவுக சொல்லிக் கேட்டதுன்னு எழுதுங்க."

இப்படிச் சிரிப்பும் சிந்தனையுமாக வகுப்பு வளர்ந்தது. ஏலக்காய் மூட்டை அடுக்கிய அறையில் தும்மலுக்கும் குறைவில்லை. ஜீப்பு இறங்கியதும் வீட்டுக்கு ஓடியவர்கள் பின்னறைக்கு ஓடிவந்தார்கள். ஆறு வாரம் முடித்தவர்களும் அடுத்த தொகுதியோடு வந்து உட்கார்ந்தார்கள். எந்த வரியைப் படித்தாலும் தாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்க நின்னு பாத்தீங்க?" அது எங்களுக்குள் கேலிப்பேச்சாகவும் ஆயிற்று. வேட்டிக்கரை நன்றாயில்லை என்று ஒருவர் சொன்னால், எங்கே நின்று பார்த்தாய் என்பார் மற்றவர்.

அந்தக் கேலி எனக்குக் கேலியாக இல்லாமல் போன நாளை இங்கே சொல்லியாக வேண்டும். பேச்சு குறைந்தவனான நான் ஆறு ஆண்டுகளாக இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

எண்பத்திரண்டு மழைக்காலம். குரங்கணிக்கு மேலே பாண்டியம்மாள் என்பவருக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். கணவர் இல்லை, அந்தத் தோட்டம்தான் அடுப்பு எரிய வழி. அங்கே இலையில் வெளிறிய கோடு விழும் தேமல் நோய் கண்டிருப்பதாகத் தகவல் வந்து என்னை அனுப்பினார்கள். ஏலச்செடிக் குத்துகளில் நூறு தூர் எண்ணினேன். நாற்பத்தொன்றில் நோய். 'தோட்டம் முழுவதையும் வெட்டி எரிக்க வேண்டும்' என்று எழுதி வியாழன் பிற்பகல் தங்கள் மேசையில் வைத்தேன். மறுநாள் கையெழுத்தானால் திங்களன்று வெட்டும் ஆட்கள் ஏறுவார்கள். புதிதாக நட்டுக் காய் பார்க்க மூன்று வருடமாகும். அதுவரை பாண்டியம்மாள் என்ன செய்வார் என்று நான் எண்ணிப் பார்த்தேன். ஆனால் நோய் பரவினால் மலையே போய்விடும் என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

அன்று மாலை வகுப்பில், பெயரை மறைத்து அந்த அறிக்கையைத் தாங்கள் வாசித்தீர்கள். கேள்வியை யாரிடமும் குறிப்பாகக் கேட்கவில்லை.

"இந்த நூறு தூரையும் எங்க நின்னு எண்ணியிருப்பாக?"

மழை வலுத்து, மூட்டை சுமப்பவர்கள் நடக்கும் பாதையை விட்டு உள்ளே இறங்கினால் அட்டை கடிக்கும் என்பதால், பாதையோரமாகவே நடந்து எண்ணியிருந்தேன். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் எண்ணுவோம். மலையில் நடப்பவனுக்குப் பாதையோரம்தான் தோட்டம். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு தங்கள் மேசையருகே வந்து நின்றேன். 

"பாதையில நின்னும்மா" என்றேன்.

"சரி தம்பி. நாளைக்கு லீவு போடுறேன். நாலு பேரா போயி எண்ணிட்டு வந்துருவோம்" என்றீர்கள்.

மலையைப் பற்றி இருபது ஆண்டுகள் தட்டச்சு செய்திருந்த தாங்கள் மலையேறியது அன்றுதான் முதல்முறை. அட்டை ஏறாமலிருக்கக் காலில் சோப்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எனக்கும் வகுப்புத் தோழர் இன்னொருவருக்கும் ஒச்சப்பனுக்கும் முன்னால் ஏறினீர்கள். தோட்டத்து வாசலில் பாண்டியம்மாள் அரிவாளோடு நின்றார்.

"வெட்ட வந்தீகளா, எண்ண வந்தீகளா?"

"எண்ணத்தேன் வந்தோம் ஆத்தா" என்றார் ஒச்சப்பன்.

"எண்ணுறதா இருந்தா உள்ள வாங்க. அன்னிக்கு வந்தவரு செருப்புல சேறு படாம எண்ணிட்டுப் போனாரு. இந்தா நிக்கிறாரே, இவருதேன்."

நால்வரும் வரிசைக்கு ஒருவராகப் பிரிந்து நடந்தோம். தாங்கள் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தீர்கள். பாண்டியம்மாள் எங்கள் பின்னாலேயே நடந்து, "இத எண்ணியாச்சு, அந்தப் பாறைக்குப் பின்னாடி மூணு இருக்கு, விட்டுறாதீக" என்று அதட்டிக்கொண்டிருந்தார். இருட்டுமுன் முடிந்தது. மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று இருபது தூர். நோய் கண்டவை ஐம்பத்து நான்கு. அவற்றில் நாற்பத்தொன்று, பாதைக்கு அப்பால் யாரோ கைவிட்டுப் போன தோட்டத்தை ஒட்டி, நான் எண்ணிய அதே ஓரத்தில். என் எண்ணிக்கை சரிதான். நான் நின்ற இடம்தான் தவறு.

சனிக்கிழமை புதிய அறிக்கை எழுதினேன். ஐம்பத்து நான்கு தூரை மட்டும் பிடுங்கி எரிக்க வேண்டும். கைவிடப்பட்ட தோட்டத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். மற்றவற்றை மாதமொரு முறை பார்க்க வேண்டும். தாங்கள் படித்துவிட்டு, முதல் வரி விட்டுப்போயிருக்கிறது என்றீர்கள். எந்த வரி என்று எனக்குத் தெரியும். எழுதினால் என்னைப் பற்றி மேலே என்ன நினைப்பார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் எழுதினேன்: 'முதல் முறை நான் பாதையோரத்தில் மட்டும் நின்று எண்ணினேன்.'

திங்கள் காலை சோலைமலை அவர்கள் அதை இரண்டு முறை படித்தார். முன்னமே சொல்லி வைத்திருந்த வெட்டும் ஆட்கள் வெளியே அரிவாளோடு காத்திருந்தார்கள்.

"தப்புப் பண்ணுனேன்னு எழுதியிருக்கியேப்பா" என்றார்.

"ஆமா சார்."

"இருபது வருசமா ரிப்போர்ட்டு படிக்கிறேன். இந்த ஒரு வரியத்தேன்யா அப்படியே நம்பத் தோணுது" என்று கையெழுத்திட்டு, ஐம்பத்து நான்கு தூருக்குப் போதுமான இரண்டு ஆட்களை மட்டும் அனுப்பினார். மறுநாள் மாலை பின்னறையில், கடைசி பெஞ்சில், நோட்டும் பேனாவுமாக அவர் உட்கார்ந்திருந்ததைக் கண்டு தாங்கள் ஒரு கணம் தயங்கியதை நான் கவனித்தேன். பிறகு அவரிடமும் வீட்டுப்பாடம் கேட்டீர்கள்.

அம்மா! தட்டச்சுப் பொறியைத் தட்டியவாறே எங்கள் சோம்பலைத் தட்டியவரே! கேட்டுக் கேட்டே எங்களைக் கேள்வி கேட்கப் பழக்கியவரே! பதினொரு தொகுதிகள், நூற்றிருபது பேர், ஆறாறு வாரங்களில் தங்களிடம் கற்றுச் சென்றிருக்கிறோம். எண்ணிக்கை வருகைப் பதிவேட்டில் பார்த்தது, நினைவில் எழுதியதன்று. மூட்டு வலி அணுகாமலும், கண்ணின் ஒளி மங்காமலும், பிடித்த நூல்களையெல்லாம் அவசரமின்றிப் படித்து, பிடிக்காத வரிகளின் கீழெல்லாம் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, நூறாண்டு தாங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறோம்.

இன்று யார் யார் எங்கே என்பதையும் பதிந்து வைக்கிறோம். சோலைமலை அவர்கள் ஓய்வு பெற்றுச் சிலமலையில் விவசாயம் பார்க்கிறார். அங்கே பெய்யும் மழையைத் தினமும் ஒரு நோட்டில் குறிக்கிறார். ஒச்சப்பன் பதவி உயர்ந்து, வரும் செவ்வாய் முதல் பன்னிரண்டாவது தொகுதியை நடத்துகிறார். நான் இன்னும் மலையேறுகிறேன். பாண்டியம்மாளை விழாவுக்கு அழைக்கப் போயிருந்தேன். தோட்டத்தில் நோய் திரும்பவில்லை. ஆள் வைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தார். இன்றும் எடுப்பு நாளாம். அதனால் வரவில்லை.

இங்ஙனம்,
காசிராஜன், கள ஆய்வாளர்
மற்றும் அலுவலக ஊழியர்கள் அனைவரும்
போடிநாயக்கனூர்
30-6-1988