புத்தகத்துக்கு ஆவி பிடித்தவள்

கொரோனா காலம். காலாப்பட்டில் பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில் வெள்ளை வட்டங்கள் போட்டு, ஆளுக்கொரு வட்டத்தில் நிற்க வைத்திருந்தார்கள். புத்தகம் திருப்பிக் கொடுக்கும் வரிசை. எனக்கு முன்னால் இரண்டு தோழிகள். முதல் வட்டத்தில் நின்றவள் திரும்பிச் சொன்னாள்:

"புத்தகத்துக்கு ஆவி புடிச்சிட்டேன்டி."

"என்னாது?"

"அம்மாவுக்கு பாசிட்டிவ். இத அவங்கதான் எடுத்து எடுத்து வச்சாங்க. அதான் மஞ்சத்தூள், நீலகிரித் தைலம் எல்லாம் போட்டு, இட்லி குண்டான் மேல காட்டினேன்."

"மெதுவாப் பேசு. வீட்ல யாருக்காவது இருக்கான்னு உள்ள கேப்பாங்க. இல்லன்னு சொல்லிடு. புத்தகத்த வாங்கினாதான் டிசி குடுப்பாங்க. டிசி இல்லாம எப்படி வேலைல சேருவ?"

"பொய் சொல்லணுமா?"

"சொல்லு. நீ நல்லாத்தான இருக்க?"

"எனக்கென்ன? காய்ச்சல்கூட இல்ல."

அவள் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தாள். உப்பி, ஓரமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. முகக்கவசத்தைத் தாண்டி வந்த தைல நெடியில் எனக்கே கண் எரிந்தது.

"அடிப்பாவி, பாட்டில மொத்தமா கவுத்துட்டியா? இந்த நெடியிலயே மாட்டிக்குவ!"

அவள் முகக்கவசத்தை இறக்கி, புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வைத்து மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"எனக்கு ஒரு வாசனையும் வரலியேடி."

தோழி மெல்லப் பின்வாங்கி என் வட்டத்துக்குள் வந்தாள். நான் எனக்குப் பின்னாலிருந்த வட்டத்துக்கு நகர்ந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அடுத்தது யாரு? வாங்க."