வளைவுல நிக்கிற காத்தவராயன்

இல்ல சார், அந்தப் பொம்மய இப்ப கழட்ட வேணாம். நீங்க கொண்டாந்த புதுச எறக்கி அப்பிடி நெழலாண்ட வெக்கச் சொல்லுங்க, பேசிக்கலாம். செத்த தள்ளி நில்லுங்க, இந்தப் பக்கம் வண்டிய உடணும். ம், போலாம் போலாம், மெதுவா.

ஆமா, லோகநாயகி நான்தான். சேஃப்டிக்குப் புது சார் வர்றாருன்னு மேஸ்திரி சொன்னாரு, நீங்கதானா. சிதம்பரத்துல ரூம் எடுத்திருக்கீங்களா? நல்லது. இங்க வேல ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்ல சார். ரோட்ட ஒரு பக்கம் நோண்டிப் போட்டாச்சு, மீதி ஒரு பக்கந்தான் இருக்கு. கடலூர்லேருந்து வர்ற வண்டிய இங்க நான் புடிப்பேன். சிதம்பரத்துலேருந்து வர்றத அந்தக் கடைசில கலைமணி புடிப்பா. வாக்கி டாக்கில பேசிகிட்டு மாத்தி மாத்தி உடுவோம். முகூர்த்த நாள்ல கூட்டம் ஜாஸ்தி ஆயிடும், அதோ அந்த வளைவு வரைக்கும் வண்டி நின்னுடும். அங்கதான் சிக்கல். வளைவுக்கு அந்தாண்ட வர்றவனுக்கு முள்ளுச்செடி மறைக்கும், இங்க வண்டி நிக்கிறதே தெரியாது. வர்ற வேகத்துல வந்து கடைசி வண்டியில உட்டுடுவான். அதுக்காவ வளைவுல ஒரு ஆளு கொடியோட நிக்கணும். இப்ப ஆளுக்குப் பதிலா அந்தப் பொம்ம நிக்கிது.

பழசுதான், நான் இல்லன்னு சொல்லல. தல ஒரு பக்கமா சாஞ்சி கெடக்கு, மேல மாட்டின சேஃப்டி கோட்டு வெளுத்துப் போச்சு. உங்களுது பேட்டரில தானா கையாட்டும், லைட்டு எரியும், அதெல்லாம் மேஸ்திரி போன்ல காட்டினாரு. ஆனா மூஞ்சியப் பாருங்க, சிரிச்சிகிட்டே இருக்கு. இந்த வெயில்ல யாரு சார் சிரிச்சிகிட்டு நிக்கிறாங்க?

இது நல்லா வேல செய்யிது சார். பசங்க காத்தவராயன்னு பேரு வெச்சிருக்காங்க. போன வாரம் தேவனாம்பட்டினத்துலேருந்து மீன் ஏத்திகிட்டு வந்த ஆட்டோக்காரரு ஒருத்தரு அதுகிட்டயே போயி வழி கேட்டிருக்காரு. பதில் சொல்லலன்னு கோவமா என்னாண்ட வந்து, உங்காளுக்கு என்னாம்மா அவ்ளோ திமிருங்குறாரு. மேஸ்திரியும் பசங்களும் வயித்தப் புடிச்சிகிட்டு சிரிச்சாங்க. எனக்குதான் சிரிப்பு வரல.

தெனம் ஓட்றவனுக்குப் பொம்மன்னு தெரிஞ்சி பழகிப் போயிடுமா? நெசந்தான் சார், பழகிடும். அதுக்குத்தான் காலைல வந்ததும் மொதல்ல அங்க போயி கொஞ்சம் திருப்பி வெப்பேன். ஒரு நாளு ரோட்டப் பாத்து, ஒரு நாளு வயலப் பாத்து. வெயில் ஏறினா தலையில துண்டு கட்டி உடுவேன். சாயங்காலம் அந்தத் துண்ட அவுத்து எடுத்துகிட்டுப் போயி தொவச்சிடுவேன். நேத்து நின்ன மாதிரியே இன்னிக்கும் நின்னாத்தான சார் அது பொம்ம? யாரும் சொல்லல, நானா செய்யிறதுதான்.

சொல்லு கலைமணி. ஆம்புலன்ஸா? அத மொதல்ல உடு, நான் நிறுத்திக்கிறேன். ஓரமா வாங்க சார், அந்தப் பள்ளத்துல கால வெச்சிடாதீங்க.

அதோ வளைவுல வெள்ள காரு ஒண்ணு வருது பாருங்க. எப்பிடி வந்தான், இப்ப எப்பிடி வர்றான் பாத்தீங்களா? பொம்மயப் பாத்துட்டு கொறச்சிட்டான். எல்லாருமே கொறைக்கிறாங்க சார். அதுதான் எனக்கு ஆற மாட்டேங்குது. ஆளு நின்னப்ப ஒருத்தன் கொறைக்கல.

ஆமா, மொதல்ல ஆளுதான் நின்னாரு. உங்களுக்கு யாரும் சொல்லலயா? கொடிய ஆட்டி ஆட்டி கத்துவாரு, எனக்கு இங்க வரைக்கும் கேக்கும். பொங்கலுக்கு முன்னாடி ஒரு காரு. போனப் பாத்துகிட்டே வந்திருக்கான். கொடி தனியா பறந்து வந்து விழுந்ததத்தான் நான் மொதல்ல பாத்தேன். ஓடலாம்னா எப்பிடி ஓடறது சார்? இங்க இத்தினி வண்டிய நிறுத்தி வெச்சிருக்கேன், எதிர்ல கலைமணி உட்ட வண்டிங்க வந்துகிட்டே இருக்கு. நான் கொடிய எறக்கினா இவங்க கெளம்பிடுவாங்க, நடுவுல முட்டிக்கும். கடைசி வண்டி தாண்டற வரைக்கும் நின்னுட்டு அப்புறந்தான் போனேன். போயி என்னா, அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்திச்சி. எல்லாரும் நல்ல வேல பண்ணினம்மா, இல்லன்னா இன்னும் எத்தினி பேருன்னாங்க. இருக்கும். அதுலேருந்து எனக்கு எதுவும் ஒறைக்க மாட்டேங்குது சார், வெயிலு கூட.

மாத்தித்தான் ஆவணுமா? மேலேருந்து சொல்லிட்டாங்கன்னா நீங்க மட்டும் என்னா பண்ணுவீங்க. சரி, கழட்டச் சொல்லுங்க. கோட்ட வேணா தூக்கிப் போடுங்க, அது கம்பெனி குடுத்தது. உள்ளாற இருக்கிற சட்டைய மட்டும் கிழிச்சிடாம எடுக்கச் சொல்லுங்க. பொம்ம வந்தன்னிக்கு வெறும் கோட்டுதான் இருந்திச்சி, உள்ள போட ஒண்ணுமில்ல. வூட்ல ஆணியில ஒரு சட்ட மாட்டினபடியே கெடந்திச்சி, எடுத்தாந்து போட்டேன். அதயே புதுசுக்கும் போட்டுக்கலாம் சார், கோட்டு மறைச்சிடும், யாருக்கும் தெரியாது.

இந்தக் கொடிய செத்த புடிங்க, செவப்பு வெளிய தெரியிற மாதிரி. பொம்மய மாத்துற அந்தத் தம்பிக்குத் தெரியாது, நானே போயி போட்டு உட்டுட்டு வந்துடுறேன். அதோ, அதுக்குள்ள அந்தத் தம்பியே புதுசுக்குச் சட்டைய மாட்டி மேல் பட்டனெல்லாம் போடறாரு பாருங்க. அத வேணாம்னு சொல்லுங்க சார். எங்க வூட்டுக்காரருக்குக் கழுத்தாண்ட இறுக்கினா புடிக்காது.